ஏற்றிய பின்னும் கரையில் கிடந்த சரக்கு

என் மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரித்தாள் வீட்டுக்கு வந்த அன்று, அதில் என் பெயர் மட்டும் சட்டை போடாமல் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில், அதிலும் என் மனைவி பிறந்த நாசரேத் பக்கத்தில், கல்யாணப் பத்திரிகை வெறுமனே நாளும் நேரமும் சொல்லுகிற காகிதம் இல்லை. யார் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்று ஊருக்கு வைக்கிற பலகை. என் மாமனார் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.எட்., அதற்குக் கீழே 'தலைமையாசிரியர், ஓய்வு'. மாமியார் பி.எஸ்ஸி., பி.எட். பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி எம்.எஸ்ஸி., பி.எட்., எம்.ஃபில். மகள் பி.இ. மாப்பிள்ளை எம்.டெக். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இருக்கிற எழுத்துகளைச் சேர்த்தால் தனியாக ஒரு வாக்கியமே அமைக்கலாம். இவ்வளவு பேருக்கும் நடுவில் என் பெயர். அதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. காற்புள்ளிக்குப் பின்னால் வெறும் தாள்.

அச்சகக்காரர் மறந்துபோய் விட்ட காற்புள்ளி இல்லை அது. போன் போட்டே கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க பேருக்குப் பின்னால என்ன போடணும்? எடம் விட்டு வச்சிருக்கேன்."

"கொஞ்சம் பொறுங்க. வந்துரும்."

"எது வந்துரும்?"

"டிகிரிதான்."

"கப்பல்ல வருதோ?" என்றார்.

கேட்டதில் தப்பில்லை. என் பிழைப்பே கப்பலில்தான். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக்குக் காகித வேலை முடித்து, கண்டெய்னரைக் கப்பல் வரை கொண்டு சேர்க்கிற தொழில். காகித வேலையை ஆபீசில் ஏசிக்குள் இருக்கிற பெண்கள் கம்ப்யூட்டரில் முடித்துவிடுவார்கள். என் வேலை வெயிலில். பெட்டி யார்டில், அதாவது கண்டெய்னர் அடுக்குகிற திடலில், நிற்கிறதா, கப்பலில் ஏறிவிட்டதா என்று நேரில் போய்க் கண்ணால் பார்த்து ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. பெட்டி யார்டில் நின்றால் ஏறவில்லை. இடம் காலியாக இருந்தால் ஏறிவிட்டது. இத்தனை வருடத்தில் அந்த விதி என்னைக் கைவிட்டதே இல்லை. அது கைவிட்ட கதைதான் இது.

பிளஸ் டூவோடு துறைமுகத்துக்குள் நுழைந்தவன் நான். படிக்காததைப் பற்றிப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. மனைவியின் தங்கை மகள் கல்யாணத்தில்தான் வினை வந்தது. அந்தப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் எதையாவது போட வேண்டுமே என்று யாரோ நல்ல மனசோடு 'ஷிப்பிங்' என்று போட்டுவிட்டார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் அக்கறையாகக் கேட்டார்.

"ஷிப்பிங்னா எத்தன வருசப் படிப்பு?"

"அது படிச்சு முடியாதுங்க. ரிட்டயர் ஆனாத்தான் முடியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கோபப்படவும் இல்லை, ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள், அவ்வளவுதான். அடுத்த வாரம் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டேன்.

மகளிடம் சொல்லவில்லை. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு என்றைக்காவது கல்யாணம் கூடும், அப்போது பத்திரிகையைக் கையில் வாங்கி, என் பெயருக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து, 'எப்பா, இது எப்ப?' என்று கேட்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். வரலாறு படிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய ஆசை இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு இல்லை.

படிப்பு நன்றாகவே போனது. நடுவில் 'கணினிசார் எழுத்தறிவு' என்று ஒரு கட்டாயப் பாடம் வந்தது. இந்தக் காலத்தில் பட்டம் வாங்குகிற யாரும் கம்ப்யூட்டர் தெரியாமல் வெளியே போகக்கூடாது என்பது நோக்கம். அந்தப் பாடம் புத்தகமாகத் தபாலில் வந்தது. முதல் பக்கத்தில் ஒரு படம். அச்சு மங்கியிருந்ததால், அது கம்ப்யூட்டரா கிரைண்டரா என்று நானும் மனைவியும் ஆளுக்கொரு கட்சியாகப் பேசிக்கொண்டிருந்தோம். பரீட்சையை ஒரு பள்ளிக்கூட பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து பேனாவால் எழுதினேன். 'சுட்டியின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும்' என்று ஒரு கேள்வி. நான் வரைந்த சுட்டியின் வால் நீண்டுபோய் அடுத்த கேள்விக்குள் நுழைந்துவிட்டது. 'மின்னஞ்சல் அனுப்பும் முறையைப் படிப்படியாக விளக்குக' என்பதற்கு இரண்டு பக்கம் வெளுத்து வாங்கினேன். அதுவரை நான் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பியதில்லை.

எங்கள் படிப்பு மையத்திலேயே அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மார்க். மையத்துக்குப் பொறுப்பான மேடம் காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். எல்லோர் முன்னாலும் கை தட்டினார். "டிஜிட்டல்ல சார்தான் ஃபர்ஸ்ட்" என்றார். நானும் எழுந்து நின்று சுற்றிலும் கும்பிட்டேன்.

கடைசி வருடத்தில் ஒரு செயல்திட்ட அறிக்கை எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு 'துறைமுகச் சாலைத் தேநீர்க் கடைகளின் சமூக வரலாறு'. வேலை நேரத்தில் நான் எங்கே கிடப்பேன் என்று என் முதலாளிக்குத் தெரியும். ஆராய்ச்சி என்ற பெயரும் அதற்குக் கிடைத்துவிட்டது. லாரி டிரைவர்கள் ஏன் கடைக்கு முதுகைக் காட்டி நின்று டீ குடிக்கிறார்கள் (வண்டியைப் பார்த்துக்கொள்ள), கப்பல் தாமதமானால் எந்தக் கடையில் வடை முதலில் தீர்கிறது, கடன் சொல்லாமல் கடன் சொல்வது எப்படி என்று எல்லாவற்றையும் நான் வழக்கமாக உட்காருகிற கடையின் அண்ணாச்சியிடம் கேட்டு எழுதினேன். மகள் விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டினேன். தட்டி முடிக்கும்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இனி அறிக்கை ஏற்கப்பட்டால் ரிசல்ட். ரிசல்ட் வந்தால் காற்புள்ளிக்குப் பின்னால் பி.ஏ.

அறிக்கையைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள். மேலே 'முன்வரைவு'. கீழே 'இறுதி அறிக்கை'. இரண்டுக்கும் பக்கத்தில் 'பதிவேற்று' என்று பொத்தான்.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. ஏற்றுவதும் இறக்குவதும் எனக்குத் தெரிந்த வேலை. எதையும் மேலிருந்துதானே தொடங்க வேண்டும் என்று மேல் கட்டத்தில் ஃபைலைக் காட்டிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு சக்கரம் சுற்றியது. பச்சையில் ஒரு டிக் விழுந்தது. 'பதிவேற்றப்பட்டது'.

சொன்னால் ஆச்சா? நான் யார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அதாவது, லேப்டாப்பில் அந்த ஃபைலை வைத்திருந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். ஃபைல் அங்கேயே கிடந்தது.

அடுப்படியில் மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அனுப்பிட்டியளா?"

"ஏத்தியாச்சுன்னு சொல்லுது. ஆனா சரக்கு இங்கனதான் கெடக்கு."

"இப்பதான் சர்ச்சுல இருந்து வந்திய. அதுக்குள்ள என்ன சரக்கு?"

"அந்தச் சரக்கு இல்லளா. ஃபைலு."

"அப்ப இன்னொருக்க அமுக்குங்க" என்றாள். அவள் கவனம் முழுக்க மீனில் இருந்தது. இதைப் பின்னால் பல தடவை அவளே சமாதானமாகச் சொன்னாள்.

இன்னொருக்க அமுக்கினேன். பச்சை டிக் விழுந்தது. யார்டுக்குப் போனேன். பெட்டி நிற்கிறது. திரும்ப அமுக்கினேன். நிற்கிறது. லேப்டாப்பை அணைத்துத் திறந்து அமுக்கினேன். அசையாமல் நிற்கிறது. எங்கள் துறைமுகத்தில் இப்படி ஒன்று நடந்தால் ஆபீசுக்குப் போன் போட்டு, 'கப்பல்காரன் பொய் சொல்லுதான், பெட்டி ஏறல' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இங்கே யாருக்குப் போன் போடுவது? ஒருவேளை மேல் கட்டம் பழுதாகியிருக்கும், ஒரு பெர்த் சரியில்லை என்றால் கப்பலை அடுத்த பெர்த்தில் கட்டுவதில்லையா என்று யோசித்து, கீழ்க் கட்டத்தில் அதே ஃபைலைக் காட்டி ஏற்றினேன். அங்கேயும் பச்சை டிக். அப்போதும் ஃபைல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இடம் காலியாக இருந்தால் சரக்கு ஏறிவிட்டது என்பது விதி. அப்படியென்றால், இடத்தை நாமே காலி பண்ணிவிட்டால்?

ஃபைலை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும் என்று எழுத்தறிவுப் புத்தகத்தில் படித்திருந்தேன். முதல் மார்க் வாங்கினவன் அதை மறப்பானா? அதையும் காலி செய்தேன். யார்டு துப்புரவாக இருந்தது. எனக்கு ரொம்பத் திருப்தி. பொரித்த மீனோடு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

சில நாள் கழித்து மேடம் போனில் கூப்பிட்டார். "சார், யுனிவர்சிட்டில இருந்து எத்தன மெசேஜ்! ஒண்ணுகூடப் பாக்கலையா?"

பார்க்கவில்லை. அறிமுகமில்லாத இடத்திலிருந்து வரும் குறுஞ்செய்திகளைத் தடுத்துவிட வேண்டும் என்று அதே புத்தகம் சொல்லியிருந்தது. பல்கலைக்கழகத்தை நான் என்றோ தடுத்துவிட்டேன்.

நேரில் போனேன். மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

"சார், ஒங்க அறிக்கை நூத்துக்கு நூறு வந்திருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நூறெல்லாம் நான் எதிர்பாக்கல மேடம். எழுவது வரும்னு நெனச்சேன்."

"சார், மார்க் இல்ல. காப்பி. நூறு சதவீதம் காப்பின்னு சொல்லுது."

அவர் விளக்கினார். வருகிற அறிக்கையை எல்லாம், ஏற்கெனவே வந்து சேர்ந்தவற்றோடு ஒத்துப் பார்ப்பதற்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம். என் அறிக்கை முதல் வரியிலிருந்து கடைசிப் புள்ளி வரை ஏற்கெனவே வந்த இன்னொன்றோடு அச்சாகப் பொருந்துகிறதாம்.

"காப்பி அடிக்கிற பிள்ளைங்ககூட நடுவுல நாலு வார்த்தைய மாத்தும் சார். நீங்க எழுத்துப்பிழையக்கூட மாத்தலையே."

"மேடம், இத நான்தான் எழுதுனேன்."

"நான் நம்புதேன் சார். ஆனா வேற யாரோ ஒங்களுக்கு முன்னால ஏத்திருக்காங்க."

"எவன்? பேரு என்ன?"

"பேரு காட்டாது. 'இதே பல்கலைக்கழக மாணவர்'னு மட்டும்தான் இருக்கு."

எனக்குத் தலை சுற்றியது. என்னைப் போல 'தேநீர்' என்பதை 'தேனீர்' என்று தப்பாக எழுதுகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். துறைமுக கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் சனிக்கிழமை உளுந்த வடைக்கு ஓட்டை சின்னதாகிவிடும் என்று எழுதினவன் நான் ஒருத்தன்தானே?

"ஒரு வழி இருக்கு சார். ஒங்க லேப்டாப்ல ஒரிஜினல் ஃபைல் இருக்கும்லா? எப்பத் தொடங்குனீங்க, எப்ப மாத்துனீங்கன்னு அதுல தெரியும். அதக் கொண்டு வாங்க, நான் பேசிப் பாக்கேன்."

"அது இல்ல மேடம்."

"எங்க போச்சு?"

"ஏறிட்டு" என்றேன்.

மேடம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முடிவாக அவர் சொன்னது இதுதான்: நான் சரியான விளக்கம் கொடுக்காவிட்டால் அறிக்கை தள்ளுபடி. புதிதாக வேறு தலைப்பில் எழுதி அடுத்த பருவத்தில் சேர்க்க வேண்டும். அடுத்த பருவத்துக்குள் என் மகளுக்கு வளைகாப்பே வந்துவிடும்.

பைக்கை எடுத்துக்கொண்டு நேரே துறைமுகச் சாலைக்குப் போனேன். என் அறிக்கையில் இருப்பதெல்லாம் தெரிந்த இன்னொருவர் உலகத்தில் உண்டென்றால் அது டீக்கடை அண்ணாச்சிதான். அவர் இதை எல்லாம் வேறு யாருக்கோ சொல்லியிருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். எங்கிட்டச் சொன்னதையெல்லாம் வேற எவன்ட்டயாவது சொன்னீரா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எதவே?" என்றார்.

"வடைக்கு ஓட்டை. டிரைவருவ முதுகு. எல்லாத்தையுந்தான். எவனோ எழுதிட்டான். நான் அவனப் பாத்துக் காப்பி அடிச்சேன்னு சொல்லுதாவ."

"அடிச்சீரா?"

"நான் ஏன் அடிக்கேன்? நீரு சொல்லச் சொல்ல நான் எழுதுனது!"

கிளாசை என் முன்னால் வைத்தார். "அப்பம் அது காப்பிதான வே? நான் சொன்னேன், நீரு எழுதுனீரு. இத்தன நாளா நீரு என்னயப் பாத்து அடிச்சிருக்கீரு. நானே கேஸ் போடணும், நீரு எவன் மேலயோ போடப் போறீரு."

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் முதுகைத் திருப்பாமலே சிரித்தார். நான் டீயைக் குடித்தேன். இதுவரை எவனோ ஒருவன்தான் என்னிடம் திருடினவன் என்று நினைத்திருந்தேன். இப்போது நானும் திருடன். அப்படியென்றால் அந்த முகம் தெரியாதவன் திருடியது என்னிடமா, அண்ணாச்சியிடமா? வீட்டுக்குப் போகும் வழி முழுக்க இதே யோசனை. ரயில்வே கேட் திறந்தது தெரியாமல் பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டில் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரே மாதிரித் தப்பு இரண்டு தாளில் இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிப்பது அவளுக்கு அன்றாட வேலை. நடந்ததைச் சொன்னேன். பேனாவை மூடினாள்.

"அன்னைக்கு நீங்க எத்தன தடவ ஏத்துனிய?"

"பல தடவ. போகவே மாட்டேன்னுட்டு. கடைசில கீழ உள்ள கட்டத்துல ஏத்துனேன்."

"மேல உள்ள கட்டத்துல?"

"அதுல போகல."

"போகலன்னு எத வச்சு சொல்லுதிய?"

"ஃபைல் இங்கனயே கெடந்துச்சே!"

அவள் என்னையே பார்த்தாள். கல்யாணம் ஆன புதிதில் ஒரு தடவை, பின்னாலே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து அவளைச் சாத்தான்குளம் பஸ் நிலையத்திலேயே விட்டுவிட்டு பைக்கில் வந்துவிட்டேன். அன்றைக்கு அவள் வீடு வந்து சேர்ந்ததும் பார்த்த அதே பார்வை. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். விடைத்தாள்கள் சரிந்து கீழே விழுந்தன.

"அது போனாலும் இங்கனயும் இருக்கும்ங்க. போறது நகலு."

"ஏத்துனா எப்படிளா இங்கன இருக்கும்?"

"நான் கிளாஸ்ல பாடம் நடத்துதேன். நடத்தி முடிச்சதும் பாடம் என் தலையில இருந்து போயிருமா?"

"பிள்ளைங்க தலைக்குப் போயிருமே."

"அங்கயும் போகாது, அது வேற கத" என்றாள். "மேல உள்ள கட்டத்துல ஒண்ணு. கீழ உள்ளதுல ஒண்ணு. ரெண்டும் நீங்கதான். அந்த மாணவரே நீங்கதாங்க!"

எனக்குப் புரிந்தது. புரியவும் இல்லை. போனால் இங்கே இருக்காது. இங்கே இருந்தால் போகவில்லை. இரண்டு இடத்திலும் இருக்கிற ஒன்றுக்கு ஏற்றுவது என்று ஏன் பெயர் வைத்தார்கள்? கப்பல்காரனிடமிருந்து ஒரு வார்த்தையை எடுத்தால் அதன் குணத்தையும் சேர்த்து எடுக்க வேண்டாமா? முன்னொரு தடவை இணையத்திலிருந்து பாடப்புத்தகத்தை இறக்கியபோது, மற்றப் பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்குமா என்றுகூட யோசித்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் மேடத்திடம் போய், என் கணக்கைத் திறந்து மேல் கட்டத்தைக் காட்டினேன். அழிந்துவிட்டது என்று நினைத்த என் அறிக்கை பச்சை டிக்கோடு அங்கே சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"முன்வரைவு எங்களுக்குத் தெரியாது சார், எங்க பக்கத்துல இறுதி மட்டுந்தான் வரும்" என்றார் மேடம். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். "டிஜிட்டல்ல ஃபர்ஸ்ட் மார்க் சார் நீங்க!"

"எழுத்துப் பரீட்சையில மேடம்."

"சரி, மொதல்ல இத இறக்கி ஒங்ககிட்ட வச்சுக்கோங்க."

"இறக்குனா அங்க இருக்காதே?"

"இருக்கும் சார்" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல. "அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும்."

விளக்கம் எழுத வேண்டியிருந்தது. 'மேற்படி மாணவரும் நானும் ஒருவரே என்றும், என்னைப் பார்த்து நானே எழுதியதற்கு என்னிடம் நான் முழு மனதோடு சம்மதம் கொடுத்திருந்தேன் என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதினேன். இரண்டாவது பாதியை மேடம் அடித்துவிட்டார். அந்த விளக்கத்தையும் ஏற்ற வேண்டுமாம். அவர் பக்கத்தில் நிற்க, நானே ஏற்றினேன். பச்சை டிக் விழுந்தது. என் கை தன்னால் ஃபைல் கிடந்த இடத்தைத் திறக்கப் போனது.

"சார், கைய எடுங்க."

எடுத்தேன். ஆனால் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்குப் போவது என்னவோ போல இருந்தது.

பல்கலைக்கழகத்தில் ஒரு குழு கூடித்தான் முடிவு சொல்லும் என்றார்கள். குழு கூடுவதாகத் தெரியவில்லை. அச்சகக்காரர் மறுபடி போன் போட்டார்.

"அண்ணாச்சி, கப்பல் வந்துட்டா?"

"வெளிய நங்கூரம் போட்டு நிக்குது. பெர்த் கெடைக்கல."

"நாளைக்கு மெஷின்ல ஏத்தணும். அதுக்கு மேல நான் தாங்க மாட்டேன். காற்புள்ளிய எடுத்துரட்டுமா?"

மெஷினில் ஏற்றுவது. அதாவது நிஜமாகவே ஏற்றுவது. ஏறிவிட்டால் திரும்ப இறங்காது.

"எடுத்துருங்க" என்றேன்.

பத்திரிகை கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. என் பெயர் இப்போது காற்புள்ளிகூட இல்லாமல் நேரே அடுத்த வரிக்குத் தாவிவிட்டது. மனைவி கவரில் விலாசம் எழுத உட்கார்ந்துவிட்டாள். மகள் லீவு போட்டு வந்து பத்திரிகையைக் கையில் வாங்கி, படம் நன்றாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். அவள் எதையும் தேடவில்லை. தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதே. பாதிக்கு மேல் பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு, நான் தடுப்பை நீக்கி வைத்திருந்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. அதற்கு அடுத்த வாரம் ரிசல்ட்டும் வந்தது. பாஸ்.

போனைப் பார்த்துக்கொண்டே முற்றத்தில் நின்றவனிடம் மகள் கேட்டாள், "எப்பா, என்ன, யாருக்கும் ஒண்ணும் இல்லல்லா?"

மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பந்தியிலிருந்து தொடங்கி, மீனையும் தான் சொன்ன 'இன்னொருக்க அமுக்குங்க'வையும் மட்டும் விட்டுவிட்டு.

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல? நான் ஒரு நிமிசத்துல ஏத்திக் குடுத்திருப்பனே."

"பத்திரிகையில பாப்பேன்னு நெனச்சேன்."

அவள் உள்ளே போய் லேப்டாப்பை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் பத்திரிகையின் படம் வந்தது. அதே நிறம், அதே எழுத்து. என் பெயர், காற்புள்ளி, பி.ஏ. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'இதுதான் சரியான பத்திரிகை.'

அதே குழுவில் பழைய பத்திரிகையின் படத்தை நானே முந்தின நாள் போட்டிருந்தேன். இரண்டும் கிடந்தால் குழப்பம் வருமே என்று நான் உடனே பழையதை அழுத்திப் பிடித்து அழித்தேன். என் போனில் அது துப்புரவாகப் போய்விட்டது. இந்தத் தடவை சரியாகச் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

கல்யாணத்தன்று வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா மகன் என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூட்டிப் போனான்.

"அண்ணே, குரூப்புல ரெண்டு பத்திரிகை கெடக்கு. ஒண்ணுல நீங்க பி.ஏ., ஒண்ணுல இல்ல. மாப்பிள்ள வீட்டுல கேக்காவ. எது உண்மன்னு சொல்லட்டும்?"

"பழச அழிச்சிட்டனேடா!"

படம் எடுக்க மணப்பெண் கோலத்தில் அந்தப் பக்கம் வந்த மகளின் காதில் இது விழுந்துவிட்டது. மெதுவாகக் குனிந்து கேட்டாள், "எப்பா, அழிக்கும்போது 'எனக்கு மட்டும்'னு குடுத்தீங்களா, 'எல்லாருக்கும்'னு குடுத்தீங்களா?"

எனக்கு மட்டும். என் யார்டு மட்டும்தான் காலி. மற்ற எல்லோருடைய யார்டிலும் பட்டம் வாங்காத நான் அப்படியே நின்றுகொண்டிருக்கிறேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போட்டோகிராபர் அந்த ஒரு படத்தைத்தான் நன்றாக எடுத்திருந்தார்.

பந்தி நேரத்தில் டீக்கடை அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, பையில் நான் கொடுத்த அச்சுப் பத்திரிகை, கையில் போன், போனில் யார் வழியாகவோ வந்து சேர்ந்த, மகள் போட்ட படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து என் முகத்தையும் பார்த்தார்.

"இதுல எதுவே நீரு?"

"ரெண்டும் நான்தான் அண்ணாச்சி."

"அப்பம் ஒண்ணு காப்பி" என்று சொல்லிவிட்டு, இலை போட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனார். எந்த ஒன்று என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.